ஆத்தங்குடி கல்லில் சென்னை நகரம்

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குச் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை இருக்கிறது. சென்னையில் சில ஆண்டுகள் வடிவமைப்பாளராக வேலை பார்த்துவிட்டு இப்போது ஊர் திரும்பியிருக்கிறேன். சென்னையைக் கருவாகக் கொண்டு புதிய கற்கள் செய்ய விரும்பி, சென்ட்ரல் ரயில் நிலையம், எல்.ஐ.சி. கட்டடம், கபாலீசுவரர் கோபுரம், ஆட்டோ ஆகியவற்றை வரைந்து காட்டினேன். "இதெல்லாம் தரைக்கு ஆகாது, நம்ம ஊர்க் கல்லைக் கெடுத்துராதே" என்கிறார் அப்பா. நான் மரபை மீறுகிறேனா?
வாசகர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, தரைக்கு ஆகாது என்று உங்கள் அப்பா சொன்னது சரி. ஊர்க் கல் கெட்டுவிடும் என்ற அச்சம் மட்டும் தேவையற்றது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளே நகரங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்களால் கட்டப்பட்டவைதாம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வணிகம் செய்த நகரத்தார் எனும் செட்டியார்கள், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கொண்டுவந்து, திண்ணை, முற்றத்தைச் சூழ்ந்த வளவு, இரண்டாம் கட்டு என்ற நம் வீட்டு ஒழுங்குக்குள் அவற்றைப் பொருத்தினார்கள். வண்ண சிமெண்ட் கல் செய்யும் முறையும் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியதுதான். ஆத்தங்குடி மணலும் ஆத்தங்குடிக் கைகளும் சேர்ந்து அதை நம்முடையதாக்கின. ஆகவே ஒரு நகரத்தைக் கல்லுக்குள் கொண்டுவர நினைப்பதில் மரபு மீறல் எதுவும் இல்லை. எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நீங்கள் வரைந்திருப்பவை சுவருக்கான படங்கள். சுவருக்கு மேல், கீழ் உண்டு, தரைக்குக் கிடையாது. முகப்பிலிருந்து வருகிறவருக்கு நேராகத் தெரியும் ஆட்டோ, அடுப்படியிலிருந்து வருகிறவருக்குத் தலைகீழாகத் தெரியும். கபாலீசுவரர் கோபுரத்தை மிதித்து நடக்க நம் பக்கத்தில் எந்த வீட்டில் மனம் வரும்? இது போக, அச்சும் இடம் கொடுக்காது. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றி அச்சைத் தூக்கும்போது, பக்கத்து வண்ணங்கள் ஓரத்தில் ஒன்றையொன்று தொடும் என்பது பட்டறையில் வளர்ந்த உங்களுக்குத் தெரியாததல்ல. எல்.ஐ.சி. கட்டடத்தின் ஜன்னல் வரிசைகளை எட்டு அங்குலக் கல்லுக்குள் அடைத்தால் மிஞ்சுவது கலங்கல்தான்.

நகரத்தின் முகத்தை விட்டுவிட்டு, அதன் ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த டச்சு ஓவியர் மோந்திரியான், 1942-43-இல் அந்த நகரை வரைந்தபோது ஒரு கட்டடத்தைக்கூட வரையவில்லை. குறுக்கும் நெடுக்குமான மஞ்சள் கோடுகள், அவற்றின் மேல் சிவப்பும் நீலமும் சாம்பலுமாகச் சிறு சதுரங்கள், அவ்வளவுதான். ஆனாலும் அதில் தெருக்களும் நெரிசலும் துடிக்கின்றன. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான வரைபடமும் தரைமேல் உள்ள உண்மையான தூரங்களைத் துணிந்து விட்டுவிட்டு, கிடைக்கோடு, நிலைக்கோடு, 45 பாகைச் சாய்கோடு என்ற மூன்றுக்குள் ஒரு பெருநகரத்தையே அடக்கியது. உங்கள் அச்சுத் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் இதற்கு இடங்கள் நிறைய உண்டு. தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றிச் சாலைகள் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே நகலெடுக்காமல் கல்லின் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு மூலையில் கால் வட்டம். அதிலிருந்து எதிர் மூலையை நோக்கி ஒரு சாலை. வட்டத்தை ஒட்டிய இரு ஓரங்களிலும் அரை அகலச் சாலை. நான்கு கற்களின் கால் வட்டங்கள் ஒரே இடத்தில் கூடும்போது, எட்டுச் சாலைகள் பிரியும் முழு வட்டம் பிறக்கும். ஒரே அச்சு போதும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நேராகத் தெரியும். ஓரத்துச் சாலையை மட்டும் சற்று அகலமாக வையுங்கள், ஏனென்றால் பதிக்கிற கொத்தனார் ஒரு நூல் நகர்த்தினாலும் மெலிந்த கோடு முறிந்ததுபோல் தெரியும்.

மயிலாப்பூரையும் கைவிட வேண்டியதில்லை. தெப்பக்குளத்தின் படிகளை மேலிருந்து பார்த்தால் சதுரத்துக்குள் சதுரமாக இறங்கும். படி மிதிப்பதற்கென்றே கட்டப்பட்டது என்பதால் யாருக்கும் உறுத்தாது. கோயிலைச் சுற்றி வரும் மாட வீதிகளைக் கூடத்தின் பார்டர் கல்லாக்கலாம்.

உங்கள் சொந்த ஊர்ப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கானாடுகாத்தானில் நேர் நேராக ஓடும் தெருக்களும், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளும், முற்றத்தில் விழும் மழைநீரை ஊருணிக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்களும், திட்டமிட்ட நகரமைப்புக்கு எந்தப் பெருநகரத்தோடும் ஒப்பிடத்தக்க சான்றுகள். சென்னைக் கற்களுக்குப் பக்கத்தில் இந்தத் தெருக்களும் ஒரு வரிசையாக அமைந்தால், உங்கள் அப்பாவுக்கும் பேச்சில் கலந்துகொள்ள இடம் கிடைக்கும்.

முதலில் ஒரே ஓர் அச்சு செய்யச் சொல்லுங்கள். பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றுக்கு மேல் புது வண்ணம் எதுவும் இப்போது வேண்டாம். முப்பத்தாறு கற்கள் ஊற்றி, தொட்டியில் ஊறி முடிந்தபின், கலவை போடாமல் தரையில் அடுக்குங்கள். ஏணியில் ஏறி ஒருமுறையும், மேலே நடந்து ஒருமுறையும் பாருங்கள். எந்த மூட்டில் கண் இடறுகிறதோ அந்த இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, தகட்டை எங்கே வளைக்கலாம் என்று அப்பாவிடமே கேளுங்கள்.