நித்திரையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: நானும் கணவரும், மூன்று பிள்ளைகளும், மாமியும், தம்பியுமாக ஏழு பேர் ஏப்ரல் விடுமுறையில் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நுவரெலியா சென்றுவர எண்ணியுள்ளோம். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம் என்றும், இரண்டே நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல, பதுளை நான்கையும் பார்த்துவிடலாம் என்றும் வான்காரர் சொல்கிறார். செலவு குறைய வேண்டும். கூட்டமில்லாத குளிர்ந்த ஊராகவும் இருக்க வேண்டும். மாமிக்கு 72 வயது. உங்கள் ஆலோசனை என்ன?
– ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி (மட்டக்களப்பு)

பதில்: கூட்டமில்லாத ஊர் வேண்டும் என்று எழுதிய அதே கடிதத்தில் ஏப்ரல் மாதத்து நுவரெலியாவையும் எழுதியிருக்கிறீர்கள். புத்தாண்டையொட்டிய வசந்தகாலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று நாடே அங்கே திரளும் மாதம் அது. அறை வாடகை ஏறுவதும் அப்போதுதான். சேமிப்பதற்காக நீங்கள் போடும் கணக்கு, மாதத்தைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே பிழையாகிவிட்டது.

வான்காரர் சொல்லும் கணக்கு அதைவிட மோசமானது. அந்த நான்கு ஊர்களையும் சுற்றித் திரும்பினால் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கும். அதில் பெரும்பகுதி வளைவும் சரிவுமான மலைப்பாதை. இரவு முழுவதும் விழித்து ஓட்டியவர் மறுநாள் பகலிலும் அந்தப் பாதையில் உங்களை ஏற்றி இறக்க வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் விடியற்காலையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில், உல்லாசப் பயணம் சென்று இரவில் திரும்பிக்கொண்டிருந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்தனர். காரணங்களை விசாரணைகள் சொல்லட்டும். இருட்டில் மலையேறித்தான் ஓர் அறையின் வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டுமா என்பதை உங்கள் கணவரும் நீங்களும் ஒருமுறை பேசிப் பாருங்கள். மலைக்கு முன்னரே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை கடந்து மகாஓயா வரையுள்ள வீதியில் இருட்டியபின் யானைகள் குறுக்கிடுவதை நம்மூரில் அறியாதவர் இல்லை. விடியும்போது புறப்பட்டு, இருட்டுமுன் ஊர் போய்ச் சேருங்கள்.

எந்த ஊர் என்று கேட்டால், நான் பதுளை மாவட்டத்து ஹப்புத்தளையைச் சொல்வேன். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை என்ற அளவில் வெப்பம் குறையும்; நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது, ஹப்புத்தளை 1,400 மீற்றருக்குச் சற்று மேலே. வித்தியாசம் மூன்று பாகை. கடலோரத்தில் வியர்த்துப் பழகிய நமக்கு ஹப்புத்தளையின் குளிரே தாராளம். மாமிக்குக் குளிர் அந்த மூன்று பாகையளவு குறைவாக இருப்பது நல்லதும்கூட. மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, பண்டாரவளை வழியாக மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் அங்கேயே பிரித்துவிட்டால் காலைச் சாப்பாட்டுச் செலவும் இல்லை. ஹப்புத்தளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ் தெரிந்தவர்கள் நிறைய இருப்பதால் விலை கேட்பதற்கும் வழி கேட்பதற்கும் சிரமம் இராது.

அங்கே இரண்டு இரவுகள் ஒரே விடுதியில் தங்குங்கள். பயணச் செலவை உண்மையில் குறைப்பது இதுதான். உணவில் கைவைத்து மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாவை, வான் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு ஐம்பது கிலோமீற்றரும் விழுங்கிவிடும். வாடகை பேசும்போது கிலோமீற்றருக்கு எவ்வளவு, காத்திருக்கும் நாளுக்கு எவ்வளவு, சாரதிக்கான படி எவ்வளவு என்பதை முற்பணம் கொடுக்குமுன் தாளில் எழுதி வாங்குங்கள். சாரதிக்கும் படுக்க ஓர் அறை எடுத்துக்கொடுங்கள். அவரை வானின் பின் ஆசனத்தில் சுருண்டு படுக்க விட்டுவிட்டு, மறுநாள் அவரை நம்பி ஏழு உயிர்களை ஏற்றுவது எனக்கு விளங்காத சிக்கனம். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல், ஏறும்போது போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்கும்படியும் சொல்லுங்கள். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழந்துவிடும். உங்கள் வீட்டில் அரச ஊழியர் யாரேனும் இருந்தால், மலைநாட்டில் தம் திணைக்களத்துக்கு விடுதி உண்டா என்று அவர் விசாரிக்கட்டும். பதிவு கிடைத்துவிட்டால் அறை வாடகை பெரிதும் குறையும்.

ஊருக்குள் வானை எடுக்கவே தேவையில்லை. தோட்டத் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிச் செல்லும் பேருந்தில் தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து லிப்டன் இருக்கை என்னும் மலைமுனைக்குத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஏறலாம். ஏற்றம் நீண்டது என்பதால் மாமிக்கு முச்சக்கரவண்டி பிடியுங்கள். மூடுபனி வந்துவிட்டால் மேலே வெள்ளைத் திரையன்றி ஒன்றும் தெரியாது. ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவையுங்கள். தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதி, பௌர்ணமி, பாடசாலை விடுமுறை நாள்களில் குறைந்த கட்டணத்துடன் பார்க்க விடுவார்கள். பிள்ளைகளுக்கு ரயில் ஆசை இருந்தால், அன்று ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டு, ஹப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு சுற்றுப் போதும்.

மாதத்தை மட்டும் மாற்றுங்கள். ஆடி அமாவாசையில் நம் மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்தபின் பாடசாலை விடுமுறையோடு சேரும் ஒரு கிழமைநாள் நல்லது. தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, ஊவாவைத் தாண்டி வறண்டு வந்து நம்மூரில் கச்சான் காற்றாகச் சுடும் காலம் அது. ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசனை கிடைப்பதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்த வறண்ட காற்றில்தான். மலைமுகட்டில் காற்றுப் பலமாக வீசும், ஆனால் மழை ஒப்பீட்டளவில் குறைவு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை போகவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்ததும் அந்த மாதங்களில்தான். எந்த மாதமானாலும் புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விடுத்திருந்தால் விடுதிக்காரரிடம் பேசி நாளை மாற்றிக்கொள்ளலாம்.

மாமிக்குக் கீழ்த்தள அறையாகக் கேட்டு, சுடுநீர் உண்டா என்பதையும் தொலைபேசியிலேயே உறுதி செய்யுங்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளை மூன்று நாளுக்கல்ல, ஒரு கிழமைக்கு எடுத்துச் செல்லுங்கள். மலைப்பாதை அடைபட்டால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.