வாசகர் கேள்வி – பதில்: சித்திரை விடுமுறையில் சின்னக் கைகளுக்கு

தலவாக்கலையிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: புத்தாண்டு விளையாட்டு விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கும் முட்டி உடைத்தல் (தொங்கவிட்ட பானையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடித்து உடைக்கும் விளையாட்டு) வைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். மண்முட்டிக்குப் பயந்து பலூன் மேல் பத்திரிகைத்தாள் ஒட்டிப் பார்த்தோம். ஒன்று சுருங்கிக் கோணலாகிவிட்டது. இன்னொன்று எத்தனை அடி அடித்தும் உடையவில்லை. எங்கே பிழை?

கோணலானதற்கு உங்கள் ஊர்க் குளிர்தான் காரணம். பகலில் ஊதிய பலூனுக்குள் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும். மேலே ஒட்டிய தாள் அந்த நேரம் ஈரமாக இருந்தால் அதுவும் பலூனோடு சேர்ந்து உள்ளே இழுபடும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு நேர் மேலே கட்டினால் எதிர்மாறாக நடக்கும்: பலூன் விரிந்து, அரைகுறையாகக் காய்ந்த தாள் வெடிப்பு விடும். காலையிலேயே முதல் படையை ஒட்டி, அடுப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளிக் கொடிக்கயிற்றில் தொங்கவிடுங்கள். இருட்டுவதற்குள் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிட வேண்டும். அடுத்த படை மறுநாள் காலையில்தான். ஒரே நாளில் இரண்டு படை ஒட்டினால் உள்படை காயாமல் பூசணம் பிடிக்கும்.

பசைக்கு ஒரு கப் கோதுமை மாவை முதலில் ஒரு கப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு கொதிக்கும் தண்ணீர் மூன்று கப் ஊற்றி, மெல்லிய தீயில் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலாகும் வரை கிண்டுங்கள். மாவில் நேரடியாக வெந்நீர் ஊற்றினால் வெளிப்புறம் வெந்து உள்ளே மாவுருண்டை நின்றுவிடும். ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்தால் பசை கெடுவது தள்ளிப்போகும். ஆறிய பின்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். தாளைக் கத்தரியால் வெட்டாமல் ஓர் அங்குல அகலத்தில் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும், வெட்டிய ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். கிழிக்கிற வேலை மூன்று வயதுக்காரருக்கும் பிடிக்கும்.

உடையாததற்குக் காரணம் படைகள் கூடிப்போனது. நான்கு, ஐந்து வயதுக்கு இரண்டு படை போதும். ஆறு, ஏழு வயதுக்கு மூன்று. அடிப்பக்கத்தில் உள்ளங்கையளவு இடத்தை ஒரே படையாக விட்டுவிடுங்கள். எங்கே அடித்தாலும் முட்டி அங்கேதான் கிழியும், உள்ளே இருப்பதும் ஒரேயடியாகக் கொட்டும். காய்ந்ததும் பலூனைக் குத்தி, துண்டு துணுக்கு எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். பலூன் துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்தால் எடுப்பது கடினம். வாயோரத்துக்கு ஓர் அங்குலம் கீழே நான்கு துளை போட்டு, துளைக்குத் துளை டேப் ஒட்டிய பின் கயிறு கோருங்கள். உள்ளே கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளும் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதால் கடினமான டொபிக்குப் பதில் சின்ன பிஸ்கட் பைக்கற்றுகள் நல்லது.

முட்டியின் அடி பிள்ளையின் நெற்றி உயரத்தில் நிற்கட்டும். அண்ணாந்து வீசினால் கோல் பின்பக்கம் போகும். பெருவிரல் பருமனில் இரண்டடி மூங்கில் குச்சி போதும், இரு முனையிலும் துணி சுற்றுங்கள். முட்டியைச் சுற்றி எட்டடி ஆரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அடிக்கிற பிள்ளையைத் தவிர யாரும் உள்ளே வராமல் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். கண் கட்டினால் அழுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கண் திறந்தே அடிக்கட்டும்.

இராகலையிலிருந்து ஒரு தாய்: நாலு வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள். பின்னேரமானால் மழை, வெளியே விட முடியாது. சாயப்பெட்டி வாங்காமல் லயத்துக்குள்ளேயே செய்ய ஏதாவது உண்டா?

உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்: மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், அதே வேலையை அப்பச்சோடா செய்யும்.

அரை கப் சுடுதண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள் கலந்து, ஆறியதும் துணியால் வெள்ளைத்தாளில் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரையுங்கள். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றினால் தூரிகை. நிறமில்லாத அந்தத் தண்ணீரைத் தொட்டு மஞ்சள் தாளில் கோடு இழுத்தால், இழுத்த இடம் பிள்ளையின் கண்முன்னே செங்கல் நிறமாக மாறும். துணி சோப்பைக் கரைத்து வரைந்தால் இன்னும் கடும் சிவப்பு வரும். அது கையில் பட்டால் கழுவிவிடுங்கள், கண்ணில் படக்கூடாது. பிறகு அதே கோட்டின் மேல் ஒரு துளி தேசிக்காய்ப்புளி விட்டால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பி வரும். அப்பச்சோடா கோட்டின் மேல் விட்டால் நுரைக்கவும் செய்யும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை அரைமணி நேரம் இதையே திரும்பத் திரும்பச் செய்யும், செய்யட்டும்.

தாள் காயுமுன் வரைந்தால் கோடு பரவும். மஞ்சளைத் தடிப்பாகப் பூசினால் காய்ந்து உதிரும். முடித்த படத்தை ஜன்னலோரத்தில் ஒட்டாதீர்கள், வெயிலில் மஞ்சள் வெளிறிவிடும். சட்டையில் பட்ட கறைக்கு அதே வெயில்தான் மருந்து. சோப்புப் போடும்போது கறை சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் நாளாக ஆக மங்கும்.

ஊதாச் சிவப்புக்கு பீட்ரூட்டைத் துருவிப் பிழியுங்கள். சாற்றைக் காய்ச்சினால் நிறம் பழுப்பாகிவிடும். பச்சைச் சாற்றில் சில துளி தேசிக்காய்ப்புளி விட்டுக்கொண்டால் போதும். பழுப்புக்குத் தேயிலைச் சாயம் இருக்கவே இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து ஒரு தகப்பன்: ஏப்ரல் விடுமுறையில் மகனுக்குப் பட்டம் கட்டினேன், ஏறவேயில்லை. வாலைக் குறைப்பதா, கூட்டுவதா?

பட்டத்தில் குறை இல்லாமலும் இருக்கலாம். ஏப்ரல் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் காற்று நிற்கும், பின்னேரம் இடியோடு மழை. உங்கள் ஊவாப் பக்கத்துக்குக் காற்று வருவது தென்மேல் பருவக்காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும்போது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுவதும் அந்தக் காற்றுதான். பட்டத்தை அதுவரை பத்திரமாக வையுங்கள், ஏற்றும்போது மின்கம்பி இல்லாத இடம் பாருங்கள்.

இப்போதைக்குக் காற்றாடி செய்து கொடுங்கள், மகன் ஓடினாலே சுற்றும். 6 அங்குலச் சதுரத் தாளில் நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு முனையை நடுவுக்கு வளைத்துக் கம்பியில் கோத்து, கம்பியைக் குச்சியில் பொருத்துங்கள். சுற்றாவிட்டால் மூன்று இடம் பாருங்கள்: துளை இறுக்கமா, தாள் குச்சியில் உரசுகிறதா, முனைகளை வளைக்காமல் மடித்து அமுக்கிவிட்டீர்களா. தாளுக்கும் குச்சிக்கும் இடையில் ஒரு பாசிமணி கோத்தால் உரசல் நிற்கும். குண்டூசி வேண்டாம். மெல்லிய கம்பியின் இரு நுனியையும் சுருட்டிவிடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி: பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து எங்கள் பிள்ளைகளும் வெசாக் கூடு (மூங்கிலும் தாளும் கொண்ட வெசாக் விளக்கு) கட்டுகிறார்கள். அட்டப்பட்டம் கூடு ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்ந்துபோகிறது.

அந்தக் கூட்டில் ஆறு சதுரம், எட்டு முக்கோணம். சமநீளக் குச்சி 24. முக்கோணம் தானாகவே நிமிர்ந்து நிற்கும், சதுரம்தான் சரியும். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருந்தால்தான் சதுரம் சதுரமாக இருக்கும். 8 அங்குலக் குச்சி என்றால் மூலைக்கு மூலை 11¼ அங்குலத்துக்குச் சற்றுக் கூட வர வேண்டும். ஒவ்வொரு சதுரத்தையும் அளந்து, குறுக்கே நூல் கட்டி நிறுத்திய பிறகே தாள் ஒட்டுங்கள். தாள் காய்ந்ததும் நூலை எடுத்துவிடலாம். பச்சை மூங்கிலில் கட்டினால் காயும்போது சுருங்கி முடிச்சுகள் தளரும், ஒரு வாரம் உலர்த்தியது நல்லது. டிசு தாளுக்குப் பசையைக் குச்சியில் மட்டும் தடவுங்கள். கட்டுவது பெரியவர் வேலை. வால் வெட்டுவதையும் ஒட்டுவதையும் பிள்ளைகளுக்கே விடுங்கள். உள்ளே மெழுகுதிரி வேண்டவே வேண்டாம், சின்ன எல்இடி பல்ப் போதும்.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைக்கும் போட்டியில் சின்னவர்கள் தடுமாறி விழுகிறார்கள்.

மூன்று சுற்று சுற்றிவிடுவதை விடுங்கள், அரைச் சுற்றே அவர்களுக்கு அதிகம். யானையின் கண் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். சுண்ணக்கட்டிக்குப் பதில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, அதில் பிள்ளையின் பெயர் முதலெழுத்தை எழுதிவிடுங்கள். வெள்ளையடித்த சுவரில் பொட்டு நிற்காது, பிரிஸ்டல் அட்டையில் நிற்கும்.

அப்புத்தளையிலிருந்து இளைஞர் கழகத்தினர்: எங்கள் மைதானம் சரிவு. சாக்கோட்டம் வைக்கலாமா?

சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடவிடுங்கள். ஆறு வயதுக்கு 10 மீற்றர் போதும். இறக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். உரச் சாக்கைக் கழுவினாலும் எடுக்காதீர்கள். பொலித்தீன் சாக்கு ஈரப் புல்லில் வழுக்கும், கோணிச்சாக்கு பிடித்து நிற்கும். சாக்கின் வாய் பிள்ளையின் இடுப்புக்கு மேலே வந்தால் வெளியே மடித்துவிடுங்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஓட்டம் முடிந்ததும் கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.