பெரிய கிராணிக்கு அந்த மேசையில் என்ன வேலை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 34 ஆண்டுகள் வேலை செய்து, பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் ஓர் அறநிறுவனம் நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையத்தில் என் மனைவி சிகிச்சை பெறுகிறார். அந்த மையத்தின் செயலவைக்குப் பொருளாளராக வரும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தலைவர் ஒரு தொழிலதிபர், டத்தோ விருது பெற்றவர். துணைத்தலைவர் ஈப்போவில் சிறுநீரக மருத்துவர். செயலாளர் வழக்கறிஞர். நானோ ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். “படித்தவர்களுக்கு நடுவில் உங்களுக்கு என்னப்பா வேலை?” என்று மகள் கேட்கிறாள். போகலாமா, அம்மா?

பதில்: போங்கள், ஐயா. நாலு பேருக்கு முன்னால் அப்பா தலைகுனிந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் உங்கள் மகள் அப்படிக் கேட்டிருப்பாள். அவளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவள் சொன்னதை உண்மை என்று நீங்கள் நம்பிவிடாதீர்கள்.

மருத்துவத் தொண்டு அமைப்பு என்றாலே டாக்டர்கள்தாம் தலைமை தாங்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மருத்துவ நிவாரண அமைப்பான மெர்சி மலேசியாவை 1999-இல் தொடங்கிய டாக்டர் ஜெமிலா மாமுட் மகப்பேறு மருத்துவர். ஆனால் மலேசிய எய்ட்ஸ் மன்றத்தைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமையேற்று நடத்திய மரினா மகாதீர், பத்திரிகையில் பத்தி எழுதி வந்தவர். நோயைவிட, நோயாளியைத் தொட அஞ்சிய ஊரோடுதான் அன்று அதிகம் போராட வேண்டியிருந்தது. அதற்குப் பேனா பிடித்த கை உதவியது. அவருக்குப் பிறகு தொற்றுநோய் மருத்துவரான அடிபா கமாருல்சமான் அந்தப் பொறுப்புக்கு வந்தார். இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள்.

உங்கள் மையத்துக்கு வருவோம். அந்த டாக்டர் நோய்த்தொற்றைப் பற்றிக் கேட்பார்; கேட்கத்தான் வேண்டும். தனியார் சுகாதார வசதிகளுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் சரியாக இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்ப்பார். டத்தோ நன்கொடை திரட்டுவார். சரி, கணக்கை யார் கேட்பது?

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் கிராணியார் மேசைக்கு முன்னால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே நாளுக்கொரு கட்டம் இருக்கும். குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும். பத்து காசு வித்தியாசம் வந்து கணக்கு உதைத்தாலும் கிராணியார் எழுந்து போகமாட்டார். விரலை எச்சிலில் தொட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புவார். உங்கள் 34 ஆண்டுகள் அந்தப் பக்கங்களில்தானே கழிந்திருக்கின்றன?

அதே கண்ணோடு மையத்தைப் பாருங்கள். 40 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் 3 முறை என்றால் மாதத்துக்குச் சராசரி 13, மொத்தம் 520 சிகிச்சைகள். தாதியரின் பதிவேட்டில் 520 இருந்தால், அத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று பதில் இருக்க வேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கொடுத்தது எத்தனைக்கு, நோயாளி கட்டியது எத்தனைக்கு, நன்கொடையிலிருந்து ஈடுகட்டியது எத்தனைக்கு? இதைக் கேட்கப் பட்டம் வேண்டாம், ஐயா. கணக்கு உதைத்தால் தூக்கம் வராத மனம் வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர், அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் வாங்கத் திரண்ட பணம் தோட்டத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து வந்தது. உங்கள் மையத்துக்கு வரும் காசிலும் அப்படிப்பட்ட காசு இருக்கும். கோவில் திருவிழாவில் உண்டியலில் ஐந்து வெள்ளி போட்டுவிட்டுப் போகும் கிழவிக்கு யார் கணக்குச் சொல்வது?

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். தொகை எழுதாத காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் டத்தோவாகவே இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். மையத்துக்குப் பொருள் விற்கும் கம்பெனியில் செயலவையினர் யாருக்காவது பங்கு இருந்தால் அது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். விலையை முடிவு செய்யும்போது அவர் வெளியே போக வேண்டும். இந்த விதி உங்களுக்கும்தான். உங்கள் மனைவியின் கட்டணச் சலுகை பேச்சுக்கு வரும் நாளில் நீங்களாகவே எழுந்து வெளியே போய்விடுங்கள். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட்டால், மற்றவர்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

உங்கள் மையம் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்றால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். வெளிக் கணக்காய்வாளர் ஒருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

நீங்கள் எழுதிய பட்டியலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ஒருமுறை சிகிச்சை செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீர் இயந்திரத்தில் ஓடுகிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை நீக்காமல் விட்டால் அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இவ்வளவு முக்கியமான நீரைப் பற்றித் தெரிந்த ஒருவரும் அந்தச் செயலவையில் இல்லையே! உங்கள் பக்கத்தில் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்கு நீர் பதப்படுத்தி ஓய்வு பெற்ற போர்மேன் யாராவது இருப்பார். வடிகட்டியை எப்போது மாற்றினார்கள், நீரைச் சோதித்த தாள் எங்கே என்று கேட்க அவருக்குத் தெரியும். அவரையும் அழைத்துப் போங்கள். தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த பழைய டிரெசர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த வீட்டில் பஸ் காசு இல்லாமல் சிகிச்சைக்கு வராமல் இருக்கிறார்கள் என்று ஈப்போ டாக்டருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

பதில் சொல்வதற்கு முன் சங்க விதிமுறை, உரிமத்தின் நகல், கடந்த இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு ஆகிய மூன்றையும் வாங்கிப் படியுங்கள். தரத் தயங்கினால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். கொடுத்துவிட்டால், சாப்பாட்டு மேசையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைக் குறுக்கேயும் நெடுக்கேயும் கூட்டுங்கள். அவளும் பார்க்கட்டும்.