பச்சோந்தி என்ன பாவம் செய்தது?

கேள்வி: பச்சோந்தி போல இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறி ஒளிந்துகொள்வதைத்தானே 'கேமஃப்ளாஜ்' என்கிறார்கள்? ராணுவத்துக்கும் அரசியல்வாதிக்கும் தவிர வேறு யாருக்கு அதனால் பயன்? நல்ல தமிழ்ச் சொல் உண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ராணுவம் கிடக்கட்டும். பச்சோந்தி உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? 'பச்சை ஓந்தி' என்று நிறத்தைப் பெயரிலேயே சுமந்து திரிகிற பிராணி அது. அதைப் போய் ஒளிகிறது என்கிறீர்களே!

அது நிறம் மாறுவது பெரும்பாலும் ஒளிவதற்கு அல்ல. எதிரே இன்னொரு ஆண் வந்தால் மிரட்ட, பெண் வந்தால் மயக்க, குளிரடித்தால் உடம்பைக் கருக்கிக்கொண்டு வெயில் காய. தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களை நெருக்கியும் விலக்கியும் இந்த வித்தையைச் செய்கிறது என்று 2015-ல் ஜெனீவா ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். ஒளிவதற்கு அதற்கு வேறு வழி இருக்கிறது. அசையாமல் கிடக்கும், நடந்தே ஆகவேண்டும் என்றால் காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி ஓர் அடி வைக்கும். நிறம் மாறினால் மட்டும், 'என்னைப் பார்' என்று அர்த்தம்.

கட்சி மாறுகிறவரும் அப்படித்தானே? பழைய துண்டைக் கழற்றிப் புதுத் துண்டைப் போட மேடை, மாலை, நாலு கேமரா. இருட்டில் போய்ச் சேர்ந்தவர் யாராவது உண்டா? ஆக, உங்கள் உவமை சரி, காரணம்தான் தப்பு. எங்கள் கார்ட்டூனிஸ்டிடம் இதைப் பல வருடமாகச் சொல்லி அலுத்துவிட்டேன். தேர்தல் தேதி அறிவித்ததும் ஒரு பச்சோந்திக்குக் கதர்ச் சட்டை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதிலும் அவர் வரைவது பச்சோந்தியே இல்லை, ஓணான். சுருட்டிய வால் எங்கே, ஆளுக்கொரு பக்கம் சுழலும் கண் எங்கே என்று கேட்டால், "வாசகருக்குப் புரியும் சார்" என்கிறார். புரிந்ததன் லட்சணம்தான் உங்கள் கடிதம்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1914-ல் சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போய் அடிபட்ட பிரெஞ்சு ராணுவம், மறு வருடமே ஓவியர்களைக் கூட்டி உருமறைப்புக்கென்று ஒரு பிரிவை ஆரம்பித்தது. அவர்கள் சின்னமாக எதை வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? பச்சோந்தியை!

இந்த விஷயத்தில் ஓவியர்களின் தொல்லை முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஆபட் தேயர் என்று ஒரு ஓவியர். மிருகங்களுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன் என்று 1896-ல் அருமையாக விளக்கினார். வெயில் மேலிருந்து விழுகிறது; வயிற்றில் விழும் நிழலை வெள்ளை ஈடுகட்டுகிறது; உடம்பு தட்டையாகத் தெரிந்து கண்ணுக்குத் தப்புகிறது. மார்க்கெட்டில் கானாங்கெளுத்தியைப் புரட்டிப் பாருங்கள், முதுகு கடல் நிறம், வயிறு வெள்ளி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எல்லா நிறமும் ஒளிவதற்கே என்று பிடிவாதம் பிடித்து, பூநாரை ரோஸ் நிறத்தில் இருப்பது அந்தி வானத்தோடு கலந்துவிடத்தான் என்றார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அது என்ன செய்யும்? தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பொறுக்கவில்லை. ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கி ஆப்பிரிக்காவில் வேட்டையாடித் திரும்பியவர், 1911-ல் நூறு பக்கத்துக்கு மேல் மறுப்பு எழுதினார். நூறு பக்கம்! நான் இங்கே ஒரு பக்கத்துக்கே விளம்பரப் பிரிவோடு மல்லுக்கட்டுகிறேன்.

ஒளியவே முடியாத இடத்தில் என்ன செய்வது? நடுக்கடலில் கரும்புகை கக்கும் கப்பலை எதைப் போட்டு மூடுவது? 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஆங்கில ஓவியர், மூட வேண்டாம் என்றார். கப்பல் முழுக்கக் கோணல்மாணலாகப் பட்டை பட்டையாக அடித்தார். நீர்மூழ்கிக்காரனுக்குக் கப்பல் தெரியும்; எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது குழம்பும். டார்பிடோ விடுகிறவனுக்கு அந்தக் கணக்குதானே முக்கியம்?

தமிழ்ச் சொல்லா? 'உருமறைப்பு' இருக்கிறதே, தாராளமாகப் பயன்படுத்துங்கள். வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்களைக் காட்டுகிறார். ஒருத்தர் புலித்தோல் போர்த்திப் பயிர் மேயும் பசு, இன்னொருத்தர் புதர் மறைவில் நின்று பறவை பிடிக்கும் வேடன். முன்னது வேஷம், பின்னதுதான் உருமறைப்பு. மேடைப் பேச்சாளர்கள் 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று தலைகீழாக்கி, அதை வள்ளுவர் தலையில் கட்டுகிறார்கள். குறளில் தோல் புலியுடையது, பல் பசுவுடையது ஐயா!

ராணுவத்துக்குத் தவிர யாருக்குப் பயன் என்று கேட்டீர்கள். காக்கி என்றால் தூசி நிறம். 1840-களின் கடைசியில் பெஷாவர் பக்கம், மண்ணோடு மண்ணாகத் தெரியட்டும் என்று ஆங்கிலேயர் சிப்பாய்களுக்கு மாட்டிய உடை அது. இன்று அதே நிறத்தைத் தெருமுனையில் கண்டால், ஹெல்மெட்டை வீட்டில் மறந்துவிட்ட நான் அரை பர்லாங்குக்கு முன்பே வண்டியைச் சந்தில் திருப்பிவிடுகிறேன். காக்கி கைவிட்டதால் எங்கள் ஏரியா ஏட்டையா இப்போதெல்லாம் புளியமரத்துக்குப் பின்னால் நிற்கிறார்.