மாவடுவில் உப்பைப் பாதியாக்கலாமா?

"வீட்டுக்காரருக்கு பிபி. அதனால் இந்த வருஷம் ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் போடுகிற இடத்தில் 100 கிராம் கல்லுப்புதான் போட்டேன். பத்தே நாளில் மேலே வெள்ளையாக ஆடை கட்டிவிட்டது. அதை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் போதுமா?" என்று மேற்கு மாம்பலம் வாசகி ஒருவர் கேட்கிறார்.

போதாது. அந்த ஜாடியைக் கொட்டிவிடுங்கள்.

உப்புப் போட்ட மூன்றாம் நாள் திறந்தால் வடு தோல் சுருங்கி, அடியில் தண்ணீர் விட்டிருக்கும், இல்லையா? அது காய்க்குள் இருந்த தண்ணீர். உப்பு வெளியே இழுத்தது. பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். சில நொடிகளில் நீர் வெளியேறி, சவ்வு செல் சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். ஆனால் வடு மாதிரி அது சும்மா கிடக்காது. முதலில் பொட்டாசியத்தை அவசரமாக உள்ளே இழுக்கும். அப்புறம் புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்பு மிக அதிகமானால் இந்தச் சமாளிப்பு எடுபடாமல் வளர்ச்சி நின்றுவிடும். நிற்கும் என்றுதான் சொல்கிறேன், உடனே சாகும் என்று சொல்லவில்லை. பல கிருமிகள் நாள்கணக்கில் காத்திருந்து, உப்பு குறைந்ததும் மறுபடி பெருகும். பாதி உப்புக்குப் பாதி பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது.

நீங்கள் போட்டது, காயின் தண்ணீரோடு சேர்த்தால் சுமார் 10 சதவீதம். உணவை நஞ்சாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இதைத் தாங்கி வளரும். ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்கவே 7.5 சதவீத உப்புள்ள, கிருமி வளர்க்கும் ஊடகம் வைத்திருக்கிறோம். மாங்காய்ப் புளிப்புதான் அதை அடக்குகிறது. மேலே படர்வது பூஞ்சையானால் அந்தப் புளிப்பையே தின்று குறைத்துவிடும். ஆரியஸ் விட்ட நச்சோ கொதிக்கவைத்தாலும் போகாது. அந்த ஆடை வெறும் ஈஸ்டாகவும் இருக்கலாம்தான், ஆனால் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது.

அடுத்த முறை ஜாடியில் முழு உப்பும் போடுங்கள், தட்டில் குறையுங்கள். சாப்பிடும் முன் ஒரு வடுவை எடுத்து அரை மணி நேரம் தண்ணீரில் போட்டால் கொஞ்சம் உப்பு இறங்கும். அதை மறுபடி ஜாடியில் போடாதீர்கள். அவருக்கு எவ்வளவு உப்பு ஆகும் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாடிக்குள் பச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். திடீரென நீர் பாய்ந்தால் பாக்டீரியா வெடித்துவிடாதா என்று தோன்றும். செம்பரம்பாக்கத்தில் ஏரி நிரம்பினால் மதகைத் திறப்பதுபோல, அதன் சவ்வில் அழுத்தம் கூடினால் திறக்கும் வழிகள் உண்டு. சேர்த்துவைத்ததை வெளியேற்றிப் பெரும்பாலும் தப்பிவிடும். ஈரக் கரண்டி ஆபத்தாவதும் இதனால்தான்: அதிலிருந்து சொட்டுகிற நீர் மேலாக நின்று, அந்த இடத்தில் மட்டும் உப்பைக் குறைத்துவிடுகிறது.