ஆர்பிஎம்மை வைத்துப் படகின் வேகத்தைச் சொல்ல முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

படகு எஞ்சின், விசிறி, வேகம் பற்றி வந்திருந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லாமே ஒன்றோடொன்று பின்னிய விஷயங்கள், தனித்தனியாகப் பதில் எழுதினால் பாதி புரியாது. புதியவர்களுக்கு: ஆர்பிஎம் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, விசிறி என்பது நீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் புரொப்பெல்லர், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்.

கேள்வி: எங்களுடையது 28 அடி ஃபைபர் படகு, 9.9 ஹெச்.பி. அவுட்போர்டு எஞ்சின். புதிதாக ஆர்பிஎம் மீட்டர் மாட்டினேன், முழு வேகத்தில் 4800 காட்டுகிறது. விசிறியில் 9¼ × 7 என்று பொறித்திருக்கிறது. இணையத்தில் பார்த்த கணக்கைப் போட்டால் 13 நாட் வருகிறது. ஆனால் மருமகன் போனில் உள்ள ஜிபிஎஸ் 8 நாட்தான் காட்டுகிறது. எது பொய்?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இரண்டுமே பொய் இல்லை. நீங்கள் போட்டது விசிறி போக நினைக்கும் வேகம், ஜிபிஎஸ் காட்டுவது படகு உண்மையில் போகும் வேகம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்லிப்.

கணக்கை முதலிலிருந்து பார்ப்போம், மற்ற வாசகர்களுக்கும் பயன்படும். விசிறியில் பொறித்திருக்கும் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச். பிட்ச் 7 என்றால், மரத்தில் திருகாணி இறங்குவதுபோல விசிறி ஒரு சுற்றுக்கு 7 அங்குலம் முன்னே போக வேண்டும் என்று பொருள். எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் விசிறி சுற்றாது, கீழே கியர் பெட்டி இருக்கிறது. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் 13 பல், 27 பல் கியர்கள் இருக்கும், 27-ஐ 13-ஆல் வகுத்தால் 2.08. உங்கள் 4800-ஐ 2.08-ஆல் வகுத்தால் விசிறி நிமிடத்துக்குச் சுமார் 2308 சுற்று சுற்றுகிறது. அதை 7-ஆல் பெருக்கி 1215-ஆல் வகுங்கள், 13.3 நாட் வரும். இந்த 1215 என்பது நிமிடத்துக்கு இத்தனை அங்குலம் என்பதை மணிக்கு இத்தனை கடல் மைல் என்று மாற்றும் எண், அவ்வளவுதான். கிலோமீட்டரில் வேண்டுமென்றால் 1215-க்குப் பதில் 656-ஆல் வகுக்கலாம், 24.6 வரும்.

சரி, 13.3 போக வேண்டியது 8 தான் போகிறது என்றால் ஸ்லிப் சுமார் 40 சதவீதம். உடனே பதறி விசிறியை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். வலை, ஐஸ், ஆள் எல்லாம் ஏற்றிக்கொண்டு, நீரைப் பிளந்துகொண்டு போகிற கனமான படகைச் சிறிய எஞ்சின் தள்ளும்போது 30 முதல் 50 சதவீதம் வரை ஸ்லிப் வருவது சாதாரணம். நீரின் மேல் எழும்பி ஓடும் ஸ்பீடு போட்டில் அது 10 முதல் 20-க்குள் இருக்கும். எடை குறைந்த பந்தயப் படகில் இன்னும் குறைவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையில் பாதிப் பேர் இதைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்லிப் என்பது கோளாறு இல்லை. விசிறியின் இதழ் நீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும், பின்னால் போன அந்த நீர்தான் ஸ்லிப்பாகக் கணக்கில் தெரிகிறது. படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டி வைத்து எஞ்சினை முடுக்கினால் வேகம் பூஜ்யம், ஸ்லிப் 100 சதவீதம், ஆனால் கயிறு எப்படி விறைத்து நிற்கிறது பாருங்கள், அவ்வளவு தள்ளுவிசை இருக்கிறது. நூறு லிட்டர் எண்ணெயில் நாற்பது லிட்டர் கடலில் கரைந்துவிட்டது என்று இந்த 40-க்கு யாராவது விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்லிப் சதவீதமும் எரிபொருள் வீண் சதவீதமும் ஒன்றல்ல.

ஆகவே உங்கள் படகில் நிஜமான வேகத்தை ஆர்பிஎம்மிலிருந்து சொல்ல ஒரே வழி, ஒருமுறை ஜிபிஎஸ்ஸோடு ஓட்டிப் பார்த்து உங்கள் ஸ்லிப்பைக் கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான். காலிப் படகுக்கு ஒன்று, மீன் ஏற்றி வரும்போது ஒன்று. 3000, 3500, 4000, 4500, 4800 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் நிதானமாக ஓட்டி எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பக்கத்துப் படகின் ஸ்லிப் உங்களுக்குப் பொருந்தாது, எஞ்சினும் விசிறியும் ஒன்றாகவே இருந்தாலும் சரி.

கணக்கில் ஸ்லிப் மைனஸில் வந்தால், அதாவது படகு விசிறியைவிட வேகமாகப் போகிறது என்று வந்தால், நீங்கள் போட்ட எண்ணில் ஏதோ தவறு. பெரும்பாலும் ஆர்பிஎம் மீட்டர்தான். மீட்டரின் பின்புறம் எஞ்சினின் காந்த முனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி திருப்பி வைக்க ஒரு சிறிய திருகு இருக்கும், அது தவறான எண்ணில் நின்றால் எஞ்சின் ஓடாத வேகத்தையெல்லாம் மீட்டர் காட்டும். கியர் விகிதத்தில் சந்தேகம் என்றால் எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு, எஞ்சினின் மேலே உள்ள கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, கையால் 27 முறை சுற்றுங்கள். விசிறி சரியாக 13 முறை சுற்றினால் 2.08 தான். பிளக்கைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: 40 ஹெச்.பி. எஞ்சினில் 11 பிட்ச் விசிறி இருந்தது. 5300 ஆர்பிஎம், 20 நாட் போகும். 13 பிட்ச் போட்டால் வேகம் கூடும் என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கினேன். இப்போது 4900 தாண்டவில்லை, 19 நாட்தான் வருகிறது. எஞ்சினும் திணறுகிறது. கியர் விகிதம் 2.
– தூத்துக்குடி வாசகர்

பதில்: காகிதத்தில் கடைக்காரர் சொன்னது சரிதான். பழைய விசிறிக்குக் கணக்குப் போட்டால் 24 நாட், புதியதற்கு 26 நாட். ஆனால் ஸ்லிப் 17 சதவீதத்திலிருந்து 27-க்கு ஏறிவிட்டது, எஞ்சின் தன் முழு சக்தி தரும் சுற்றுக்கு ஏறவே இல்லை. மேட்டில் பைக்கை நான்காவது கியரிலேயே ஓட்டினால் எப்படி முக்கும், அதுதான் நடக்கிறது. பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் முழு வேகத்தில் 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும், ஓர் அங்குலம் குறைத்தால் அவ்வளவு கூடும், இது தோராயமான வாய்ப்பாடு. உங்களுக்கு இரண்டு அங்குலத்துக்கு 400 குறைந்திருக்கிறது, பொருந்துகிறது.

உங்கள் எஞ்சின் கையேட்டை எடுத்து, முழுதாக முடுக்கும்போது எந்த ஆர்பிஎம்முக்குள் ஓட வேண்டும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 5000 முதல் 6000 என்று போட்டிருந்தால் 4900 என்பது எல்லைக்குக் கீழே. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டனும் பேரிங்கும் தாங்காது, எண்ணெய்ச் செலவும் கூடும். நீங்கள் வழக்கமாக எவ்வளவு சுமை ஏற்றுவீர்களோ அவ்வளவு ஏற்றிக்கொண்டு முழுதாக முடுக்குங்கள், அப்போதும் ஆர்பிஎம் அந்த எல்லைக்குள் நின்றால் அதுதான் உங்களுக்கான விசிறி. காலிப் படகில் வேகம் பார்த்து விசிறி வாங்குவது கடலுக்குப் போகிறவர்களுக்கு உதவாது. பழைய 11-ஐயே மாட்டிவிடுங்கள், 13-ஐ நல்ல நிலையில் இருக்கும்போதே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். எஞ்சின் எல்லையைத் தாண்டி 6200, 6300 என்று ஓடினால் மட்டும்தான் பிட்ச்சைக் கூட்ட யோசிக்க வேண்டும்.

கேள்வி: நேற்று வரும் வழியில் எஞ்சின் திடீரென்று அலறியது, ஆர்பிஎம் எகிறியது, படகு மட்டும் நகரவில்லை. மெதுவாக ஓட்டினால் போகிறது. என்ன?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: விசிறியின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. பாறையிலோ மரக்கட்டையிலோ அடித்தால் கியர் உடையாமல் இருக்கத்தான் அந்த ரப்பரை வைத்திருக்கிறார்கள், பழையதானால் அதுவே கைவிட்டுவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, ரப்பரின் உள் வளையத்திலிருந்து விசிறியின் உடல் வரை குறுக்கே ஒரு நேர்க்கோடு பெயின்ட்டால் போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நகர்ந்திருக்கும், சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு தூரக் கடலுக்குப் போகாதீர்கள். மாற்று விசிறி, நட், காட்டர் பின், ஒரு ஸ்பேனர் இவை படகில் எப்போதும் இருக்க வேண்டும், இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: விசைப்படகு, டீசல் எஞ்சின். 1500 ஆர்பிஎம்மில் 8.5 நாட் போகிறது. அவசரத்துக்கு 1800 கொடுத்தால் 9.3 நாட்தான் வருகிறது, டீசல் மட்டும் கொட்டுகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் 49 அடி. விசிறி போதவில்லையா?
– காசிமேடு வாசகர்

பதில்: விசிறியைக் குறை சொல்லாதீர்கள், இது படகின் நீளம் போடுகிற வரம்பு. நீரைப் பிளந்து போகும் படகு வேகம் கூடக் கூடத் தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்ளும். முன்பக்கம் ஒரு அலை முகடு, பின்பக்கம் ஒரு முகடு, நடுவில் படகு. அதைத் தாண்ட வேண்டுமென்றால் தன் அலையின் மேலேயே ஏற வேண்டும். அந்த எல்லையைக் கணக்கிட, நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்க வேண்டும். 49-க்கு வர்க்கமூலம் 7, பெருக்கினால் சுமார் 9.4 நாட். நீங்கள் அந்தச் சுவரின் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

செலவைப் பாருங்கள். விசிறி எஞ்சினிடம் கேட்கும் சக்தி, சுற்றின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 1500-லிருந்து 1800 என்பது 1.2 மடங்கு, 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73. அதாவது முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட கூடுதல் சக்தியைக் கொடுத்து, ஒரு நாட்கூட முழுதாக வாங்கவில்லை. நாற்பது கடல் மைல் கரைக்கு வர வேண்டும் என்றால் 8.5-ல் 4 மணி 42 நிமிடம், 9.3-ல் 4 மணி 18 நிமிடம். அந்த 24 நிமிடத்துக்காகக் கொடுக்கும் டீசலை உங்கள் பில்லில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வானிலை எச்சரிக்கை வந்து ஓட வேண்டிய நாள் என்றால் விஷயம் வேறு, அன்று டீசலைப் பார்க்கக் கூடாது.

அப்புறம், வலை இழுக்கும்போது ஆர்பிஎம்மை வைத்து வேகம் சொல்லும் கணக்கு எதுவும் செல்லாது. எஞ்சின் நன்றாக உழைக்கும், படகு இரண்டரை, மூன்று நாட்தான் நகரும், ஸ்லிப் மிகப் பெரியதாக இருக்கும். அந்த நேரத்துக்கு ஜிபிஎஸ் ஒன்றுதான்.

கேள்வி: விசிறி இதழ்களில் எறும்பு அரித்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள். உப்பு அரிப்பா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: இதழின் முதுகில், விளிம்பை ஒட்டி மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கேவிடேஷன். இதழ் மிக வேகமாக நீரைக் கிழிக்கும்போது அதன் முதுகுப்பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்து, சூடே இல்லாமல் நீர் ஆவிக் குமிழாகிவிடும். குமிழ் உடையும்போது சிறு சுத்தியலால் அடிப்பதுபோல் உலோகத்தைக் கொத்தும். 1894-ல் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பினியா படகை முதலில் ஓட்டியபோது ஒரே விசிறி இப்படிக் குமிழுக்குள் சுற்றி வேகமே வரவில்லை. பிறகு மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று என ஒன்பது விசிறிகளாக வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகு 1897-ல் 34 நாட் வரை ஓடியது. உங்கள் விசிறியின் விளிம்பில் அடிபட்டு வளைவோ வெட்டோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒரு சிறு வெட்டுக்கூட இதைத் தொடங்கி வைக்கும். குழிகள் இதழ் முழுவதும் பரவலாக இருந்தால் அரிப்பு, விசிறிக்குப் பதிலாக அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள எஞ்சினில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியை மாற்ற வேண்டும்.

கேள்வி: அப்பாவின் படகில் ஜிபிஎஸ் இல்லை. போனையும் கடலுக்கு எடுத்துப் போக மாட்டார். வேகத்தை அளக்க வேறு வழி உண்டா? கல்லூரியில் படிக்கிறேன், நானே கணக்குப் போட்டுத் தர ஆசை.
– வேதாரண்யம் வாசகி

பதில்: உண்டு, நாட் என்ற பெயரே அப்படித்தான் வந்தது. பழைய கப்பல்களில் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் பலகை கட்டிக் கடலில் விட்டு, 28 விநாடி மணல் கடிகாரம் காலியாகும் வரை கையில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். உங்களுக்குக் கயிறுகூட வேண்டாம், தேங்காய் மட்டை போதும். அப்பா ஒரே ஆர்பிஎம்மில் நேராக ஓட்டட்டும். முன்முனையில் இருந்து ஒருவர் மட்டையைக் கொஞ்சம் முன்னால், பக்கவாட்டில் எறிய வேண்டும். அது முன்முனையைத் தாண்டும்போது கடிகாரத்தை அழுத்தி, பின்முனையைத் தாண்டும்போது நிறுத்துங்கள். படகின் நீளம் 8.5 மீட்டர், ஆன நேரம் 2 விநாடி என்றால் விநாடிக்கு 4.25 மீட்டர், அதை 1.944-ஆல் பெருக்கினால் 8.3 நாட். இரண்டு விநாடியில் கை தடுமாறும், அதனால் பத்து முறையாவது எறிந்து சராசரி எடுங்கள்.

இந்த முறையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மட்டையும் நீரோடு சேர்ந்தே நகரும், அதனால் நீரோட்டம் கணக்கைக் கெடுக்காது. ஜிபிஎஸ் தரையை வைத்துப் பார்ப்பதால் நீரோட்டத்தையும் சேர்த்தே சொல்லும். கரையில் தெரியும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நேரம் எடுத்தாலும் அதே சிக்கல்தான், அதற்குப் போகும்போதும் வரும்போதும் இரண்டு முறை எடுக்க வேண்டும். ஒரு கடல் மைல் தூரத்துக்குப் போக 6 நிமிடம், திரும்ப ஏழரை நிமிடம் ஆனால் 10 நாட், 8 நாட், நடுவில் 9 நாட். நேரங்களைச் சராசரி எடுத்து வகுத்துவிடாதீர்கள், வேகங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் குறைவாக வரும்.

அளந்த எண்களை முதல் பதிலில் சொன்ன கணக்கோடு வைத்து ஸ்லிப்பைக் கண்டுபிடியுங்கள். அட்டவணையை லேமினேட் செய்து எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும், விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் அப்பா படிக்க வேண்டும்.