பட்டறைக் கேள்வி பதில்: ஹோமுக்குக் காந்த சென்சார் போதுமா?

கேள்வி: மொட்டை மாடி அறையில் நானே கட்டிய சிறிய சிஎன்சி (கணினி ஆணைப்படி இயங்கும்) மில்லிங் இயந்திரத்தை ஓட்டி வருகிறேன். கடற்காற்றில் மைக்ரோ சுவிட்சுகள் துருவேறிக் கெட்டுப்போனதால், மூன்று அச்சுகளிலும் லிமிட் (பயணத்தின் எல்லை), ஹோம் (அளவுகள் தொடங்கும் இடம்) இரண்டுக்கும், காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சாரைப் பொருத்தினேன். வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் இயந்திரம் எந்த எல்லையையும் எட்டாமலே நின்றுவிடுகிறது. காலையில் எடுத்த ஹோம் மதியம் சற்று விலகியும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஹோமுக்கு ஹால் சென்சார் மிக நல்ல தேர்வு. லிமிட்டுக்கு அதை மட்டும் நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

காரணம் அதன் வெளியீட்டில் இருக்கிறது. காந்தத்தின் தென்முனை சென்சாரின் எழுத்துள்ள முகத்தை நெருங்கும்போதுதான் சிக்னல் கம்பி பூஜ்ஜியத்துக்கு இறங்கும். மற்ற நேரமெல்லாம் அது உயர்ந்தே நிற்கும். எலி கடித்தோ அசைந்து அசைந்தோ கம்பி அறுந்துபோனாலும் அது உயர்ந்தேதான் நிற்கும் என்பதால், எல்லை இன்னும் வரவில்லை என்றே இயந்திரத்தை இயக்கும் கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். வழக்கமாக மூடியிருந்து, அழுத்தினால் திறக்கும் மெக்கானிக்கல் சுவிட்சைத் தொடராக இணைத்தால், கம்பி அறுந்த கணத்திலேயே இயந்திரம் நின்றுவிடும். ஆகவே ஹோமுக்கு ஹாலையும், பயணத்தின் இரு கோடிகளிலும் ரப்பர் உறையிட்டு மூடிய மெக்கானிக்கல் சுவிட்சுகளையும் வையுங்கள். உப்புக் காற்றுக்கு அந்த உறை ஈடுகொடுக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். காந்தம் சென்சாருக்குப் பக்கவாட்டில் கடந்து செல்லும்படி பொருத்தினால் மோதல் இராது. ஆனால் வேகத்தில் தாண்டிப் போய்விட்டால் சென்சார் மீண்டும் விடுபட்டு, இயந்திரம் எல்லைக்கு அப்பால் இருப்பதே கண்ட்ரோலருக்குத் தெரியாது. அந்த நிலையில் ஹோம் தேடச் சொன்னால், அது கோடிவரை போய் முட்டும். வியாசர்பாடியில் நான் வேலை பார்த்த பட்டறையில் இப்படித்தான் ஒரு இயந்திரத்தின் நட்டு உடைந்தது. சென்சார் விடுபடுவதற்கு முன்பே பயணத்தைத் தடுக்கும் முட்டுக்கட்டை ஒன்று அவசியம்.

ஸ்பிண்டில் ஓடும்போது வரும் பொய்ச் சிக்னலுக்கு, கண்ட்ரோலரின் உள்ளே இருந்து சிக்னல் கம்பியை உயர்ந்த நிலையில் பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் பலவீனமாக இருப்பதே பெரும்பாலும் காரணம். ஆர்டுயினோ கண்ட்ரோலர் பலகையில் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். சிக்னலுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே வெளியில் 4.7 கிலோ ஓம் ஒன்றைச் சேருங்கள். ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர்தான், 25 வரை தாங்கும் சென்சாருக்கு அது சுமையே அல்ல. சென்சாரின் காலடியிலேயே சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். ஷீல்டு கேபிளின் உறையைக் கண்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்து, ஸ்பிண்டில் கேபிளோடு ஒரே கட்டாகக் கட்டாமல் தனியே கொண்டுசெல்லுங்கள்.

மதிய விலகலுக்குச் சென்சாரை மட்டும் குறை சொல்ல முடியாது. நியோடிமியம் காந்தம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.1 சதவீதம் வலுவிழந்து, ஆறியதும் மீளும். அதே சூட்டில் 300 மில்லிமீட்டர் அலுமினியச் சட்டம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். வெயில் ஏறும் மொட்டை மாடி அறையில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. சிறிய காந்தத்தை ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் கடக்கவிட்டால், காந்தப்புலம் செங்குத்தாக ஏறுவதால் சுவிட்ச் ஆகும் இடம் அவ்வளவாக நகராது. ஹோமை எப்போதும் ஒரே திசையிலிருந்து மெதுவாக அணுகுங்கள். ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோலர் மென்பொருளைப் பயன்படுத்தினால், அதன் அமைப்புகளில் $24 அந்த வேகத்தையும், $27 பின்வாங்கும் தூரத்தையும் குறிக்கும். சென்சார் பிடிக்கும் இடமும் விடும் இடமும் வேறு வேறு என்பதால், பின்வாங்கும் தூரம் அந்த இடைவெளியை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து, பத்து முறை ஹோம் எடுத்து அளவைக் குறித்துக்கொண்டால், மீதியை அந்த எண்களே சொல்லும்.

இரும்பை வெட்டுபவர் என்றால் காந்தத்தை அடிக்கடி பாருங்கள். சில மணி நேரத்திலேயே அதன் மேல் இரும்புத் தூள் கம்பளிப்பூச்சி மயிர்போலச் சிலிர்த்து நிற்கும்; அது காந்தப்புலத்தைக் கலைத்து ஹோமை நகர்த்திவிடும். காந்தத்தை இரும்பில் பதிக்காமல் அலுமினியம் அல்லது நைலான் கட்டையில் பதித்து, மேலே பித்தளைத் தகடு மூடி வைத்தால் தூளைத் துணியால் வழித்துவிடலாம். பித்தளை காந்தப்புலத்தை மறைக்காது.

கேள்வி: ரிச்சி தெருவில் வாங்கிய ஹால் சென்சார், காந்தத்தை எடுத்த பிறகும் ஆன் நிலையிலேயே இருக்கிறது. பழுதா?
– ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: பழுதல்ல. யுஎஸ்1881 போன்ற லாட்ச் வகையை வாங்கியிருப்பீர்கள். எதிர்முனையைக் காட்டினால்தான் அது விடுபடும். மோட்டாரின் சுழற்சியை அறிய அது ஏற்றது, ஹோமுக்கு அல்ல. ஒரே முனைக்கு இயங்கும் ஏ3144 போன்றதைக் கேட்டு வாங்குங்கள். காந்தத்தின் தென்முனையை அறிய, வட்டக் காந்தத்தின் விளிம்பில் நூலை ஒட்டி, இரும்பு பீரோவிலிருந்து விலகித் தொங்கவிடுங்கள். ஆடி நின்றதும் தெற்கு பார்க்கும் முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கத்தைச் சென்சாரின் எழுத்துள்ள முகத்துக்கு எதிரே பொருத்துங்கள்.